இடைவேளைக்குப் பிறகு பன்னிரண்டாம் இருக்கை

"ஞாயிறு. நண்பகல் காட்சி. இரண்டாம் பாகம். எச் வரிசை, இருக்கை 11, 12. இடைவேளைக்குப் பிறகு 12 காலி."

என் நோட்டில் இருக்கும் குறிப்பு இவ்வளவுதான். மேலே தேதியும் இருக்கிறது. அதை வேண்டுமென்றே இங்கே விட்டுவிடுகிறேன். தேதியைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தத் தியேட்டர் என்று திருப்பூரில் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கொரோனா முடிந்து சில கோடைகள் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றில் நான். பன்னிரண்டில் அருள்தாஸ்.

விளக்கு அணைவதற்கு முன்பே அருள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். எங்களைச் சுற்றி ஒரே கம்பெனி ஆட்கள். குளித்து, பவுடர் போட்டு, பூ வைத்து வந்திருந்தாலும் கூட்டமாக உட்கார்ந்ததும் அந்த வாசனை வந்துவிடுகிறது. புதுப் பனியன் துணியின் மாவு வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும். எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் தலையில் மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்தில் ஒரு துளி வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

அருள் ஒருகாலத்தில் இவர்களோடு வேலை பார்த்தவர். அன்றைக்கு அவர் அங்கே வந்தது படம் பார்க்க மட்டும் இல்லை. இடைவேளையில் முதலாளியைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் மறுநாள் திங்கட்கிழமையே வேலை திரும்பக் கிடைக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நாலு வரிசைக்கு முன்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கும் தெரியும்.

தாராபுரத்துக் கடிதம்

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகைத் தொடரில் ஏதோ பேச்சுவாக்கில், படத்தின் நாயகனோடு ஒன்றிப்போனால்தான் படத்தை ரசிக்க முடியும் என்பது வெறும் பேச்சு என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தாராபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இன்லண்ட் கவரில் எழுதியிருக்கிறார். இந்தக் காலத்திலும் இன்லண்ட் கவர் வாங்கி எழுதுகிறவரை நான் அலட்சியம் செய்ய முடியாது.

"முதல் பாகத்தில் நம்மைப்போல் இருந்தவன் இரண்டாம் பாகத்தில் நம்மைப்போல் இல்லை என்றால், எதற்காக நாம் அதைப் பார்க்கிறோம்? தங்கள் அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் தர முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

உதாரணம் இருக்கிறது ஐயா. அதைத் தருகிறேன். அது என் கட்சிக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. அதுதான் கசப்பு.

எங்கள் பனியன் தொழிலில் ரிபீட் ஆர்டர் என்று ஒன்று உண்டு. போன வருஷம் வாங்கிய டிசைனையே வெளிநாட்டுக்காரன் மறுபடி கேட்பான். அப்போது பீரோவைத் திறந்து, முதல் ஆர்டரில் அவன் கையெழுத்துப் போட்டு அரக்கு முத்திரை வைத்த சாம்பிள் பீஸை எடுத்துப் புதுசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே நூல், அதே சாயப்பட்டறை என்றாலும் நிறம் ஒரு இழை மாறியிருக்கும். வாங்குகிறவனுக்கு அது பெரும்பாலும் தெரியாது. தைத்தவர்களுக்குத் தெரியும்.

சினிமாக்காரர்களிடம் அப்படி ஒரு பீரோ இல்லை.

கையில் ஒரு தழும்பு

படத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் நடிகருக்காகச் சண்டைக்கு வருவார்கள்.

முதல் பாகத்தின் நாயகன் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கூட வேலை பார்க்கும் ஒருவன் மயங்கி விழுந்து செத்துப்போகிறான். உடலைப் பின்கேட் வழியாக எடுத்துப் போய்விட்டு மெஷினை ஓட்டச் சொல்கிறார்கள். நாயகன் நடந்து போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைத் தலைக்கு மேல் உயர்த்துகிறான். அந்த இடத்தில் தியேட்டரிலும் சத்தம் நின்றுவிடும். இசை கிடையாது. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த அமைதி தெரியும். ஐம்பது மெஷின் ஒரே நேரத்தில் நின்றால் காதுக்குள் லேசாக வலிக்கும்.

அருளும் அயர்ன் மாஸ்டர். சிவகங்கைப் பக்கத்து ஆள். கல்யாணமான கையோடு ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தவர். நான் அதே கம்பெனியில் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எத்தனை நிமிடம் மெஷின் நின்றது என்று எழுதுவது என் வேலை. விரல் வைக்கும் மெஷின் வந்த பிறகும் என் நோட்டை முதலாளி எடுக்கவில்லை. மெஷின் தப்பாகச் சொல்லும், இவர் சொல்ல மாட்டார் என்பார். அதைக் கேட்டு நான் வெகுகாலம் பூரித்திருந்தேன்.

முதல் பாகத்தை அருள் ஏழு தடவை பார்த்தார். இரண்டு தடவை என்னோடு. பதினோரு மணி டீயின்போது அவருக்கும் எனக்கும் அதுதான் வாக்குவாதம். நான் படித்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவேன். ராஜா கதையை ராஜாவா கேட்டான், திருடன் கதையைத் திருடனா படிக்கிறான் என்பேன். அவர் தன் வலது கையைத் திருப்பிக் காட்டுவார். முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெந்த தழும்பு. காலரைத் திருப்பும்போது அயர்ன் பாக்ஸ் சுடும் இடம் அது. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அங்கே இருக்கும்.

"படத்துலயும் அதே எடத்துல போட்டுருக்கான் பாத்தீகளா? எவனோ டேபிள்ல நின்னவனக் கேட்டுத்தாண்ணே எடுத்துருக்கான். அது நாந்தான்."

"நீங்கன்னா, நான் யாருங்க படத்துல?"

அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார்.

அந்தப் படத்தில் ஒரு டைம் ஆபீஸ்காரன் வருவான். காதில் பேனா, கக்கத்தில் நோட்டு. நகைச்சுவைக்காக வைத்த ஆள். தியேட்டரே சிரிக்கும். நானும் சிரித்தேன். இரண்டு தடவையும் சிரித்தேன். அவன் நான் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. மெயினை அணைக்கும் இடத்தில் எனக்கும்தான் சிலிர்த்தது.

பத்து நாற்பது

அடுத்த சித்திரையில் அயர்ன் செக்‌ஷன் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோனது. நாலு டேபிள், நாலு ஸ்டீம் பாக்ஸ், மேலே தகரம். அருள் மேனேஜரிடம் சொன்னார். ஒரு வாரம் கழித்து மறுபடி சொன்னார். எலக்ட்ரீஷியனைச் சொல்லியிருக்கிறோம், வந்துவிடுவார் என்றே பதில் வந்தது. அருள் தோளில் ஈரத்துண்டோடு வேலை செய்தார். அது பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

ஒருநாள் டீயின்போது, "நானும் ஒருநாள் மெயின ஆஃப் பண்ணப் போறேன், பாத்துக்கிட்டே இருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு தினமும் யாராவது, "என்னங்க, இன்னிக்காச்சும் உண்டுங்களா?" என்று அவரைக் கிண்டல் செய்வார்கள். படத்தில் அவன் ஒரு சாவுக்காக அணைத்தான். இங்கே ஒரு ஃபேனுக்காக என்பதே பெரிய வேடிக்கையாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை. என் நோட்டில் இப்படி இருக்கிறது:

"காலை 10.40. மெயின் ஆஃப். அருள்தாஸ். 10.49 ஓடியது."

சத்தம் நின்றதும் நான் அறையிலிருந்து வெளியே வந்தேன். அயர்ன் செக்‌ஷனைத் தாண்டி மெயின் பெட்டி. கதவு திறந்திருந்தது. அதன்முன் அருள், வலது கை பெட்டிக்குள். தையல்காரர்கள் உட்காரும் பவர் டேபிள் வரிசையிலிருந்து யாரோ படத்து நாயகன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். கைதட்டல் எழுந்தது. அருள் திரும்பிப் பார்த்தார். ஒரு மாதிரி சிரித்தார். கையை வெளியே எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தினார், படத்தில் செய்வதுபோலவே.

நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்.

கண்ணாடி அறை

சாயங்காலம் அருளையும் என்னையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் குரலை உயர்த்தியே பேசமாட்டார். எங்கள் ஊர் மரியாதையில் ஒரு ஆளைப் பூப்போல எடுத்து வெளியே வைத்துவிடலாம்.

"நோட்டக் கொஞ்சம் குடுங்க" என்றார் என்னிடம். வாங்கி, அந்த வரியை வாய்விட்டு வாசித்தார். அருளைப் பார்த்தார். "ஏனுங்க அருளு, இதுல எழுதியிருக்கறது சரிங்களா?"

கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்தும் போகாமல். அங்கேயே செக்கிங்கில் வேலை பார்த்த ஸ்டெல்லா, தன் மேஜைப் பக்கம், டிஃபன் பையோடு.

அருள் என்னைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்:

"அண்ணன் எழுதியிருக்காருல்ல. அப்பச் சரியாத்தான் இருக்கும்."

இந்த வாக்கியத்தை இத்தனை வருஷமாக எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

அவர் அன்றோடு நிறுத்தப்பட்டார். ஃபேன் அடுத்த வாரம் சரியானது. இரண்டும் என் நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன.

இரண்டு பஸ்

மெயினை அணைத்தவர் என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே எல்லாக் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது. பெரிய இடங்களில் கேட்டிலேயே சிரித்துக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். அருள் முதலிபாளையம் பக்கம் சின்னச் சின்ன யூனிட்டுகளில் பீஸ் ரேட்டுக்குத் தேய்த்தார். சில வாரம் வேலை இருக்கும், சில வாரம் இருக்காது. ஸ்டெல்லா அதே கம்பெனியில் அதே மேஜையில் வேலை பார்த்தார். என்னைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வார். நான் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது.

இதில் நாயகன் முதலாளி ஆகிவிட்டான். முதல் பாகத்தின் கடைசியில் வேலையை விட்டுப் போனவன், இதில் சொந்தக் கம்பெனி, கார், கோட்டு. ஊரில் எல்லா முதலாளிகளுக்கும் படம் பிடித்துப் போனது. எங்கள் முதலாளி ஒரு காட்சியையே மொத்தமாகப் பிடித்து, ஆட்களுக்கு இரண்டு பஸ் ஏற்பாடு செய்தார். ஃபேனுக்கு எலக்ட்ரீஷியன் கிடைக்காத கம்பெனி, படத்துக்கு ஒரே நாளில் பஸ் பிடித்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் என் அறைக்கு வந்தார். டிக்கெட் ஒன்று கூடுதலாகக் கொடுத்தார்.

"அருளையும் கூட்டிட்டு வந்துருங்க. நல்ல வேலைக்காரருங்க. கோபமெல்லாம் யாருக்கும் இல்லீங்க. இண்டர்வெல்லுல மொதலாளியப் பாத்து, தெரியாம பண்ணிப்போட்டேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானுங்க. திங்கக்கெழமை டேபிள் ரெடி."

நான் அன்று மாலையே முதலிபாளையம் போனேன். அருள் அயர்ன் பாக்ஸைக் கீழே வைக்காமலே கேட்டார். அடுத்த பீஸை இழுத்துப் போட்டுத் தேய்த்தார். ஆவி மட்டும் சீறிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் அந்த வாரம் என்ன நிலைமை என்று ஸ்டெல்லாவோடு வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

"நம்மாளு படம்தானண்ணே" என்றார் கடைசியில். "வர்றேன்."

பத்தாவது நிமிடம்

படம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். நாயகன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்தான். அருள் என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணே. தழும்பு இல்ல."

நான் பார்த்தேன். முன்கை வழவழப்பாக இருந்தது. மேக்கப்காரர்கள் மறந்திருப்பார்கள் என்றேன். அவர் தன் கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அந்த இடத்தை மூடிக்கொண்டார்.

படம் நன்றாகத்தான் போனது. பொய் சொல்ல மாட்டேன். நாயகன் நடந்தால் விசில். கார் கதவைத் திறந்தால் விசில். அவன் கம்பெனி வரிசைகளுக்கு நடுவே நடந்து வரும்போது திரையில் ஆட்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். தியேட்டரிலும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். எங்கள் கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் அவர்கள். வாரத்துக்கு ஆறு நாள் முதலாளி வரும்போது எழுந்து நிற்கிறவர்கள், ஏழாவது நாளும் நின்றார்கள்.

படம் பார்த்த மறுவாரம் டீயின்போது இதை நான் கேட்டேன். போன படத்தில் நம்மை மாதிரி இருந்தான், இதில் முதலாளியாக இருக்கிறான், எப்படி விசிலடிக்கிறீர்கள் என்று. பவர் டேபிள் டெய்லரம்மா ஒருவர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்:

"நம்மளாட்ட ஆளப் பாக்கறதுக்கு எதுக்குங்க டிக்கெட்டு? கண்ணாடியப் பாத்தாப் பத்தாதுங்களா?"

தாராபுரத்து ஐயா, உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒன்றிப்போக வேண்டிய அவசியமே இல்லை. ஜெயிக்கிறவன் யார் என்று முதல் பாகத்திலேயே தெரிந்துவிட்டது. அவன் எந்தப் பக்கம் போய் நின்றாலும் நாமும் அந்தப் பக்கம் போய் நிற்கிறோம். அவன் கைத்தழும்பை யாரும் தேடுவதில்லை. தேடுகிறவன் தன்னுடையதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவன் மட்டுமே.

இடைவேளை

இடைவேளைக்கு முந்தைய காட்சி இது. நாயகனின் கம்பெனியில் ஒருவன் கோபத்தில் மெயினை அணைத்துவிடுகிறான். அதே அமைதி. அதே கோணத்தில் காமிரா. நாயகன் மாடியிலிருந்து இறங்கி வருகிறான். அணைத்தவனுக்கு முன்னால் நின்று, "நான் அணைச்சது நியாயத்துக்கு. நீ அணைச்சது வயித்தெரிச்சலுக்கு" என்கிறான். அவன் அழுது காலில் விழுகிறான். நாயகன் தூக்கி நிறுத்தி, தன் கையால் ஒரு டீ கொடுக்கிறான்.

தியேட்டர் அதிர்ந்தது. விளக்கு எரிந்தது.

எழுந்தவர்கள் எல்லோரும் அருளைத் திரும்பிப் பார்த்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். முகமெல்லாம் சிரிப்பு. இவ்வளவு பொருத்தமாக அமையும் என்று யாருமே நினைத்திருக்கவில்லை. "போங்கங்ணா, ஒரு வார்த்தைதானுங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் அன்பாகவே சொன்னார். முன்னால் ஸ்டெல்லா திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகு மட்டும் நிமிர்ந்திருந்தது.

அருள் எழவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"அண்ணே, மெயின நான் அணைக்கல."

நான் சரியாகக் கேட்காதவன்போல அவரைப் பார்த்தேன்.

"ஃபேனு ஃபியூஸ் போயிருக்கான்னு பாக்கத்தான் பெட்டியத் தொறந்தேன். கைய வச்சேன், கரண்டு போச்சு. அம்புட்டுதான். இபி கரண்டு. தெருவுக்கே போச்சு."

"ஜெனரேட்டர் ஓடலீங்களே?"

"அதப் பாத்துக்கிட்டிருந்த பீகார்க்காரரு டீக்கடையில நின்னாருண்ணே. அவரு ஓடியாரதுக்குள்ள கரண்டு வந்துருச்சு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே அருளு."

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் கை தட்டுனாங்கண்ணே. நீங்களுந்தான் எழுதிட்டீக."

எழுந்தார். வரிசையில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். முதலாளியிடம் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் படியேறி, பாப்கார்ன் விற்கும் இடத்தில் மேனேஜரோடு நின்றிருந்த முதலாளியைத் தாண்டி, தள்ளுகதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கதவு இரண்டு தடவை ஆடி நின்றது. ஒவ்வொரு தடவையும் வெளிச் சூரியன் ஒரு கோடாகத் தரையில் விழுந்தது.

ஐந்து நிமிடம் கழித்து முதலாளி என்னிடம் வந்தார். "எங்கீங்க நம்ம அருளு?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும். நான் எழுதியது தப்பாக இருக்கலாம் என்ற ஒரு வரி. முப்பது வருஷமாக எழுதுகிறவனுக்கு அது அவ்வளவு பெரிய வரி இல்லை.

"பாத்ரூம் போயிருக்காருங்க" என்றேன்.

இரண்டாம் பாதி

நான் வெளியே போகவில்லை. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். படம் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் பாகத்தில் எல்லோரும் சிரித்த அந்த டைம் ஆபீஸ்காரன் இரண்டாம் பாதியில் பெரிய ஆளாகிவிட்டான். நாயகனுக்கு வலதுகை. அவன் நோட்டில் எழுதி வைத்திருந்த ஒரு வரிதான் கடைசியில் துரோகியைக் காட்டிக்கொடுக்கிறது. நாயகன் அவன் தோளைத் தட்டுகிறான். தியேட்டர் கைதட்டியது. எங்கள் ஆட்கள் சிலர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துக் கைதட்டினார்கள்.

பக்கத்து இருக்கை மடங்கிக் கிடந்தது. நான் கைதட்டினேன் ஐயா. கொஞ்சம் வெட்கத்தோடு, உள்ளுக்குள் குளிர்ந்துபோய், தட்டினேன்.

கண்ணாடியைப் பார்க்க டிக்கெட் எதற்கு என்ற அம்மாவுக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. சில பேருக்குத் தியேட்டரில்தான் கண்ணாடி கிடைக்கிறது. அதுவும் இரண்டாம் பாகத்தில், விரும்புகிற மாதிரி துடைத்து மாட்டியிருந்தால்தான் அதில் முகத்தைப் பார்க்கிறோம்.

படம் முடிந்து வெளியே வந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, பழக்கத்தில் நோட்டை எடுத்துக் காட்சி, வரிசை, இருக்கை என்று எழுதினேன். எழுதி முடித்தபோது எதிரில் ஸ்டெல்லா நின்றிருந்தார். வருஷக்கணக்கில் தலை குனிந்து போனவர், அன்று நேராகப் பார்த்தார்.

"டைம் ஆபீஸண்ணே. அவரு எந்திரிச்சுப் போனதயும் எழுதிக்கிட்டீகளா?"

எழுதியிருந்தேன். மேலே முதல் வரியில் நீங்கள் படித்தது அதைத்தான்.

அவர் பஸ்ஸில் ஏறவில்லை. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போனார். திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. அந்தப் பெயருக்கு நேரே நான் ஆப்செண்ட் போட்டேன். ஆறு நாள் போட்டேன். ஏழாம் நாள் பெயரை அடித்தேன். அவர்கள் ஊருக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

சரிபார்த்தவை

அதன் பிறகு நான் செய்ததையும் எழுதிவிட வேண்டும். காலம் கடந்து செய்தவைதான்.

என் நோட்டின் அந்த வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "10.49 ஓடியது" என்று இருக்கிறது. திரும்ப மெயினைப் போட்டது யார் என்று இல்லை. ஒருவர் அணைத்திருந்தால் இன்னொருவர் போட்டிருக்க வேண்டும். யாரும் பெட்டிக்குள் கைவிட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் நான் அப்போது நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அருளின் கை உயர்ந்ததைப் பார்த்தேன். அது பெட்டிக்குள் என்ன செய்தது என்பதைப் பார்க்கவில்லை. பார்க்காத பாதியைப் படம் நிரப்பிக் கொடுத்தது. அவருக்கும் அப்படித்தான் நிரப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அந்த இடைவேளையில் மன்னிப்புக் கேட்க மனம் வராமல் அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். தன் ஆள் தழும்பில்லாமல் திரையில் நின்றதைப் பார்த்த பிறகு, தான் ஒருநாளும் அவன் இல்லை என்று சொல்லிவிடத் தோன்றியிருக்கலாம். இதையும் நான் ஒதுக்க முடியாது.

ஜெனரேட்டர் பார்த்த பீகார்க்காரர் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். அவருடைய எண் வேறு யாரிடமோ இருக்கிறது; எடுத்த பெண்ணின் இந்தி எனக்குப் புரியவில்லை, என் தமிழ் அவருக்குப் புரியவில்லை. ஜெனரேட்டர் ரிஜிஸ்டரில் அந்த மாதத்துப் பக்கங்கள் கிடைக்கவில்லை. எதிர்த்த டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "கரண்டு தெனமும்தானுங்க போவுது, எந்தச் செவ்வாக்கெழமையக் கேக்கறீங்க?" என்றார். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுபடி வரச் சொன்னார்கள். மறுபடி போனேன். அவ்வளவு பழைய விவரம் எங்கே இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

மூன்றாம் பாகத்துக்கான அறிவிப்பு ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறது. போஸ்டரில் நாயகன் கைகட்டி நிற்கிறான், முன்கை தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு எங்கள் தெருவில் மின்சாரம் இருந்ததா, இல்லையா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை. நோட்டில் அருள்தாஸ் என்ற பெயருக்கு மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.